புதுக் கணக்கு

எதையும் முதலிலிருந்து தொடங்கிவிடலாம் என்பது மனிதனுக்கு மிகவும் பிடித்தமான நம்பிக்கைகளில் ஒன்று. ஒரே வேலையை ஒரே ஊரில் செய்து அலுத்துப் போனவன், வேறு ஊருக்குப் போய்ப் புதிதாக ஆரம்பிக்கிறேன் என்கிறான். கடனில் முழுகிப்போன வியாபாரி கடையின் பெயர்ப் பலகையை மாற்றி எழுதுகிறான். துறவியும் ஒரு வகையில் இதையேதான் செய்கிறான். பூர்வாசிரமத்துப் பெயரைக்கூடக் கீழே போட்டுவிட்டு நடக்கிறான். இந்த ஆசையில் குற்றம் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை என்றுதான் முதலில் தோன்றும். அழுக்குத் துணியைத் துவைப்பது போன்ற காரியந்தானே என்று தோன்றும்.

இந்தக் காலத்தில் இந்த ஆசைக்கு எளிய, மலிவான வடிவம் ஒன்றும் கிடைத்துவிட்டது. மடிக்கணினி மந்தமாகிவிட்டால், அதில் இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாகப் போட்டுக் கொள்கிறோம். சில மணி நேரத்தில் இயந்திரம் பிறந்த மேனியாக எழுந்து நிற்கிறது. மனிதனுக்குக் கிடைக்காத மறுபிறவி இயந்திரத்துக்குக் கிடைக்கிறது. இதில் நியாயம் அநியாயம் பேச என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன், மணவாள நகரில் ஒரு கடையில் ஒரு பேச்சைக் கேட்க நேராமல் இருந்திருந்தால்.

திருவள்ளூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில் இருக்கிறது மணவாள நகர். காக்களூர்த் தொழிற்பேட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஆலைகளுக்கும் ஷிப்டு முறையில் போய்வருகிறவர்கள் நிறைய வசிக்கும் இடம். ஜெராக்ஸ் எடுப்பது, ரயில் டிக்கெட் பதிவு செய்வது, செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுவது, கணினியைப் பழுது பார்ப்பது எல்லாவற்றையும் ஒரே மேஜையில் செய்து முடிக்கிற கடைகள் இம்மாதிரி இடங்களில் இருக்கும். அந்த மேஜைக்கு வராத மடிக்கணினி இல்லை. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி, பள்ளி கல்லூரி மாணவர்களுக்கு அரசாங்கம் விலையில்லா மடிக்கணினி கொடுக்கும் திட்டம் இந்தத் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அப்படி வந்த இயந்திரங்கள் பலவற்றில் ஒரே வட்டுக்குள் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் வின்டோஸ். மற்றொன்று நம் நாட்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ். ஒரு வீட்டில் இரண்டு குடித்தனம் போல. தெரியாத குடித்தனத்தைக் காலி செய்துவிட்டுத் தெரிந்ததையே வீடு முழுவதும் பரப்பித் தரும்படி கேட்டு வந்த பிள்ளைகள் உண்டு. அன்று தொடங்கிய பழக்கம் இன்றும் போகவில்லை. வின்டோஸ் 10-க்குக் கொடுத்து வந்த பொதுவான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அந்த நிறுவனம் நிறுத்திக் கொண்டது. பழைய இயந்திரம் வைத்திருப்பவர்களுக்குப் புதிதாக ஏதாவது போட்டுக் கொள்ள அதுவும் ஒரு காரணம் ஆயிற்று.

நான் போயிருந்த அன்று ஓர் இளைஞர் மடிக்கணினியை மேஜைமேல் வைத்தார். ஆலையில் வேலை, சட்டைப் பையில் அடையாள அட்டை தொங்கியது.

“டேட்டா ஏதாச்சும் வேணுமா தம்பி?” என்றார் கடைக்காரர்.

“ஒண்ணும் வேணாம்ணா. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுடுங்க. ரொம்ப ஸ்லோவா இருக்கு.”

கடைக்காரர் இயந்திரத்தை எழுப்பி ஏதேதோ விசைகளைத் தட்டினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

“இதுல ரெண்டு டிஸ்க்கைச் சேர்த்து ஒண்ணாக் கட்டி வெச்சிருக்காங்களே, தெரியுமா?”

“செகண்ட் ஹேண்ட்ல வாங்கினதுணா. எனக்கு ஒரே டிஸ்க்காத்தான் தெரியும்.”

“அப்படித்தான் தெரியும். வீட்டுல வேற யாராவது இதுல வேலை பாக்கறாங்களா?”

“தங்கச்சி எப்பவாச்சும் எடுப்பா. அவ என்ன பெருசா வெச்சிருக்கப் போறா?”

“அதை அந்தப் பொண்ணுகிட்டதான் கேக்கணும். ஒரு போன் போடு தம்பி.”

இளைஞர் சிரித்துக்கொண்டே போனை எடுத்தார். பேசப் பேசச் சிரிப்பு குறைந்தது. அவருடைய தாயார் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறார். குழுவில் 15 பெண்கள். அவர்கள் போட்ட சேமிப்பு, வாங்கிய கடன், கட்டிய தவணை எல்லாவற்றையும் கல்லூரியில் படிக்கும் தங்கைதான் எழுதி வருகிறாள். போன தீபாவளி வரைக்கும் உள்ள கணக்கு நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு உள்ளது மடிக்கணினியில் இருக்கிறது.

“ரெண்டு நாள் ஆகும் தம்பி” என்றார் கடைக்காரர். “எல்லாத்தையும் முதல்ல வெளியில எடுத்து வெச்சுட்டுத்தான் நான் கை வைப்பேன்.”

அவ்வளவுதான் நடந்தது. எதுவும் அழியவில்லை, யாரும் அழவில்லை. ஆனால் நடக்காமல் போனதை நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. அந்த இளைஞர் பொய் சொல்லவில்லை. இயந்திரம் அவர் காசு கொடுத்து வாங்கியது. அதில் தமக்கு வேண்டியது ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னது சத்தியமான வார்த்தை. ஆயினும் “ஒண்ணும் வேணாம்” என்ற அந்த வார்த்தைக்குள், அவர் முகம் பார்த்திராத பத்துப் பன்னிரண்டு பெண்களின் பற்றும் வரவும் அடங்கியிருந்தன. யார் எவ்வளவு கட்டினார்கள் என்பது மறைந்து போயிருந்தால், கட்டியவளும் கட்டாதவளும் ஒன்றாகிவிடுவார்கள். ஏழைகள் சேர்ந்து நடத்தும் ஒரு காரியத்துக்கு அதைவிடப் பெரிய தீங்கு என்ன இருக்க முடியும்?

இங்கே நமக்கு எழுகிற கேள்வி இது: தன்னுடையதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க மனிதனுக்கு உரிமை உண்டு; ஆனால் எது தன்னுடையது என்பதை யார் சொல்வது?

ஒன்றாகக் கட்டிய இரண்டு வட்டுகள் என்று கடைக்காரர் சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏனென்றால் நம் கேள்வியின் உருவம் அந்த இயந்திர அமைப்பிலேயே இருக்கிறது.

1988-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். விலை உயர்ந்த ஒரே பெரிய வட்டை வாங்குவதற்குப் பதிலாக, மலிவான சிறிய வட்டுகள் பலவற்றைச் சேர்த்துக் கட்டி அதே வேலையை வாங்கலாம் என்பது அதன் சாரம். அப்படிக் கட்டுவதற்கு ‘ரெய்டு’ என்று பெயர் வைத்தார்கள். கட்டும் விதங்கள் பல. ஒரு விதத்தில், எழுதுவதை எல்லாம் இரண்டு வட்டுகளிலும் அப்படியே எழுதி வைப்பார்கள். ஒரு கடிதத்தின் நகல் அண்ணன் வீட்டில் ஒன்றும் தம்பி வீட்டில் ஒன்றும் இருப்பது போல. ஒரு வீடு எரிந்தாலும் கடிதம் பிழைக்கும். இன்னொரு விதம் இருக்கிறது. அதில் கடிதத்தின் முதல் வரி அண்ணன் வீட்டில், இரண்டாம் வரி தம்பி வீட்டில், மூன்றாம் வரி மறுபடியும் அண்ணன் வீட்டில் என்று மாற்றி மாற்றி எழுதிக் கொண்டே போவார்கள். வரி என்று நான் சொல்வது 64 அல்லது 128 கிலோபைட் அளவுள்ள துண்டு. இரண்டு பேர் ஒரே சமயத்தில் படிப்பதால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. இடமும் வீணாவதில்லை. ஆனால் எந்த வீட்டிலும் முழுக் கடிதம் இல்லை. ஒரு வீடு போனால் இரண்டு வீடும் போனது போலத்தான். இந்த விதத்துக்குப் பிற்காலத்தில் ‘ரெய்டு 0’ என்று பெயர் வந்தது. உபரிப் பாதுகாப்பு பூஜ்யம் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. வேகத்தை விரும்புகிறவர்களுக்காகச் செய்யப்படும் சில மடிக்கணினிகளில் இரண்டு வட்டுகளை இப்படிக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

பயன்படுத்துகிறவருக்கு இது தெரிவதில்லை. அவர் திரையில் பார்ப்பது ஒரே ஒரு வட்டு. இயங்குதளத்தைப் புதிதாகப் போட உட்காரும்போதுதான் விஷயம் வெளிப்படுகிறது. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிற மென்பொருள் நிறுவும் நிரலுக்குத் தெரியாவிட்டால், அதன் கண்ணுக்கு வட்டே தென்படாமல் போவதும் உண்டு. அவசரக்காரர் பயாஸ் அமைப்புக்குள் போய் ‘ரெய்டு’ என்று இருப்பதை மாற்றிவிடுகிறார். உடனே இரண்டு வட்டுகள் தனித்தனியாகத் தெரிகின்றன. பரவாயில்லை, இரண்டு இருக்கின்றன, ஒன்றைத் துடைத்துவிட்டு இன்னொன்றைப் பத்திரமாக வைத்துக் கொள்ளலாம் என்று அவர் நினைக்கிறார். அந்த நினைப்பில்தான் ஆபத்து இருக்கிறது. அவர் பத்திரமாக வைத்துக்கொண்ட வட்டில் இருப்பது ஒன்று விட்டு ஒன்றாக வரிகள் இல்லாத கடிதம். அதிலுள்ள ஓர் எழுத்தையும் யாரும் அழிக்கவில்லை. ஆனாலும் அது அநேகமாக அர்த்தமில்லாத குப்பை.

இதில் ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். பழைய காந்தத் தட்டு ஒன்றே ஒன்று இருக்கிற கணினியில், விரைவாகத் துடைக்கும் முறையில் துடைத்தால் பெரும்பாலும் உள்ளடக்க அட்டவணை மட்டுமே புதிதாகிறது. எழுத்துக்கள் அடியில் அப்படியே கிடக்கின்றன. தெரிந்தவர்கள் தோண்டி எடுத்துவிடுகிறார்கள். அங்கே அழித்தும் அழியவில்லை. கட்டிய வட்டுகளிலோ பாதியில் கை வைக்காமலே அந்தப் பாதியும் அழிந்து போகிறது. அப்படியானால் ஒரு பொருள் இருப்பது எங்கே? அதன் துகள்களிலா, துகள்களுக்குள் இருக்கும் உறவிலா?

இது புதிய கேள்வி அல்ல. மிலிந்த அரசனிடம் நாகசேனர் என்ற பௌத்தத் துறவி தேரைக் காட்டி, சக்கரம் தேரா, அச்சு தேரா, நுகத்தடி தேரா என்று கேட்டதாக ஒரு பழைய பௌத்த நூல் சொல்கிறது. இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உபதேசித்ததும் இதை ஒட்டியதுதான்: ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுகிறது, ஒன்று போனால் அதைச் சார்ந்ததும் போகிறது. இவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் நம் தெருவிலுள்ள பத்தரைக் கேட்கலாம். பாட்டியின் அட்டிகையை உருக்கி வளையல் செய்யக் கொடுத்தால், தங்கத்தின் எடையில் சேதாரம் போக மீதி அப்படியே இருக்கும். ஆனால் பாட்டியின் அட்டிகை எங்கே? அதனால்தான் தொழில் தெரிந்த பத்தர் அடுப்பில் வைப்பதற்கு முன்னால், “உருக்கிடலாமா அம்மா, வீட்டுல எல்லாரையும் கேட்டாச்சா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறார். நகை யார் கழுத்தில் இருந்தது என்பது அவருக்கு அனாவசியம். ஆனால் உருக்கிய பிறகு திரும்ப முடியாது என்பது அவருக்குத் தெரியும். திரும்ப முடியாத காரியத்தைச் செய்கிற கைக்குக் கேட்கிற கடமை அதிகம். மணவாள நகர்க் கடைக்காரரும் இந்தப் பத்தர் ஜாதியைச் சேர்ந்தவர்தான்.

சட்டப்படி பார்த்தால் அவர் கேட்டிருக்க வேண்டியதில்லை. பொருளுக்கு உடையவர் அழி என்று சொல்லிவிட்டார், அழித்தால் கூலி, அதோடு உறவு முடிந்தது. பின்னால் ஏதாவது வந்தால், “உங்ககிட்டக் கேட்டுத்தானே செஞ்சேன்” என்று சொல்லவும் வழி இருந்தது. ஆனால் கேட்பதற்கு உரியவர் எதிரே நிற்பவர் மட்டும் அல்ல என்று அவருக்குப் பட்டது. அவர் தர்ம சாஸ்திரம் படித்தவர் அல்ல. இரண்டு வட்டுகளைக் கட்டி வைத்திருப்பதைப் பார்த்த கண்ணுக்கு, அந்த வீட்டில் இரண்டு மனிதர்களும் அப்படிக் கட்டுண்டு இருக்கக்கூடும் என்று தோன்றியிருக்கிறது. தொழில் ஒரு மனிதனுக்குக் கற்பிக்கும் ஒழுக்கம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

இனி மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இப்படி எல்லாரையும் கேட்டுத்தான் அழிக்க வேண்டும் என்றால் யாராலும் எதையும் தொடங்க முடியாதே என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். அந்த ஆட்சேபணையில் நியாயம் இருக்கிறது. மறதியும் ஒரு கருணைதான். பதினெட்டு வயதில் செய்த பிழை அறுபது வயதிலும் ஒருவனைத் தொடர வேண்டும் என்பது என்ன நீதி? 2014-இல் ஐரோப்பிய நீதிமன்றம், ஒருவரைப் பற்றிய பழைய, பொருத்தமற்றுப் போன செய்திகளைத் தேடல் முடிவுகளிலிருந்து நீக்கும்படி கேட்க அவருக்கு உரிமை உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. நம் நாட்டில் 2023-இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தன்னைப் பற்றிய தரவை அழிக்கக் கோரும் உரிமையைப் பேசுகிறது. கொடுமைக்காரனான கணவனோடு சேர்ந்து வைத்திருந்த கணக்குகளையும் படங்களையும் ஒரு பெண் துடைத்துவிட்டு வெளியேற விரும்பினால், அவனிடம் போய்க் கேள் என்று சொல்ல நமக்கு வாய் வருமா? அவளுடைய அண்ணன் வாசலில் நின்று, “நாலு பேரைக் கலந்துக்காம எப்படிம்மா?” என்று கேட்டால், அந்த நாலு பேர்தான் அவளை அங்கே பூட்டி வைத்தார்கள் என்பதல்லவா உண்மை? பாசம் என்ற சொல்லுக்குக் கயிறு என்ற பொருளும் உண்டு. நம் குடும்பங்களில் பெண்களைக் கட்டிப்போட அந்தக் கயிறு நன்றாகவே பயன்பட்டு வந்திருக்கிறது.

ஆகவே கேட்பது வேறு, அனுமதி வாங்குவது வேறு என்று பிரித்துக் கொள்ள வேண்டும். தங்கையிடம் போன் போட்டுக் கேட்ட அண்ணன், இயந்திரத்தைத் துடைக்க அவளிடம் அனுமதி கேட்கவில்லை. துடைப்பது என்று அவர் முடிவு செய்தாயிற்று. அவளுடையது என்ன இதில் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். அதை எடுத்துக் கொடுத்துவிட்டால் போதும். பிறகு கட்டை அவிழ்க்கலாம், துடைக்கலாம், விருப்பம் போல் தொடங்கலாம். நம்மிடம் தங்கிவிட்ட பிறருடைய பாதியைத் திருப்பிக் கொடுப்பதுதான் கடமை. அவர்களோடு என்றென்றும் கட்டுண்டு கிடப்பது கடமை அல்ல. உயிருக்குப் பயந்து ஓடுகிறவளுக்கு அந்தக் கடமையும் கிடையாது. வீடு பற்றி எரியும்போது பக்கத்து வீட்டுக்காரியின் அரிசிப் படியைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே வா என்று எந்த நீதியும் சொல்லாது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் எரிகிற வீட்டிலிருந்து ஓடுகிறவர்கள் அல்ல. மந்தமாகிவிட்டது என்பதற்காகத் துடைக்கிறவர்கள். நமக்கு இரண்டு நாள் அவகாசம் எப்போதும் இருக்கிறது.

புதிதாகத் தொடங்கும் ஆசையைத் தத்துவமாகவே ஆக்கியவர் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட். அதுவரை தாம் நம்பி வந்ததையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டு, சந்தேகத்துக்கு இடமில்லாத அஸ்திவாரத்திலிருந்து அறிவைக் கட்டி எழுப்ப வேண்டும் என்று 1637-இல் வெளியிட்ட நூலில் சொன்னார். அவ்வளவு துணிச்சல்காரர் அதே நூலில் இரண்டு எச்சரிக்கைகளையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். ஒன்று, தன் வீட்டை இடித்துக் கட்டுகிறவர்கள் உண்டு; ஆனால் தெருக்கள் அழகாக வேண்டும் என்பதற்காக ஓர் ஊரின் வீடுகளையெல்லாம் யாரும் இடிப்பதில்லை. தம்முடைய எண்ணங்களைத்தான் இடிக்கலாமே தவிர, நாட்டையும் அதன் அமைப்பையும் தனி ஒருவர் அடியோடு பெயர்க்கக் கூடாது என்பது அவர் கருத்து. இரண்டாவது, வீட்டை இடிப்பதற்கு முன்னால், வேலை முடிகிற வரையில் குடியிருக்க வேறு இடம் பார்த்துக் கொள்ள வேண்டும். அதற்காகத் தமக்குத் தற்காலிகமாகச் சில ஒழுக்க விதிகளையும் அவர் வகுத்துக் கொண்டார்.

அவர் பிறந்த நாட்டிலேயே பின்னால் வந்தவர்கள் முதல் எச்சரிக்கையை மறந்தார்கள். புரட்சிக்குப் பிறகு 1793-இல் பழைய நாட்காட்டியைத் துடைத்துவிட்டுப் புதிய நாட்காட்டி போட்டார்கள். வருஷம் ஒன்று என்று எண்ணத் தொடங்கினார்கள். ஏழு நாள் வாரம் போய்ப் பத்து நாள் வாரம் வந்தது. கணக்குக்கு அது மிகவும் சௌகரியம். ஆனால் வாரம் என்பது எண்ணிக்கை மட்டும் அல்லவே. சந்தை கூடும் நாளும், கோயிலுக்குப் போகும் நாளும், உழைப்பவன் முதுகை நிமிர்த்தும் நாளும் அதோடு கட்டுண்டு கிடந்தன. ஏழு நாளைக்கு ஒரு முறை ஓய்ந்தவன் பத்து நாளைக்கு ஒரு முறைதான் ஓய வேண்டும் என்று ஆயிற்று. 1806 ஜனவரி முதல் தேதியோடு நெப்போலியன் அந்த நாட்காட்டியைக் கைவிட்டார். துடைத்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. துடைக்கிற இடத்தில் எத்தனை பேருடைய பாதி இருக்கிறது என்று அவர்கள் விசாரிக்கவில்லை.

டேக்கார்ட்டின் இரண்டாவது எச்சரிக்கையோ நமக்கு அந்நியமானது அல்ல. திருவள்ளூரில் வீரராகவப் பெருமாள் கோயில் இருக்கிறது. அமாவாசைக்கு அமாவாசை குளக்கரையில் கூட்டம் நெரியும். அந்தக் கோயிலானாலும் வேறு எந்தக் கோயிலானாலும் திருப்பணி தொடங்குவதற்கு முன்னால் பாலாலயம் என்று ஒன்று செய்வார்கள். மூலஸ்தானத்தில் இருக்கும் தெய்வத்தின் சாந்நித்தியத்தை மந்திரபூர்வமாகக் கலசத்துக்கு மாற்றி, தற்காலிகமாக அமைத்த ஓர் இடத்தில் எழுந்தருளச் செய்வார்கள். அதற்குப் பிறகுதான் கொத்தனார் உளியை எடுக்கலாம். திருப்பணி எத்தனை மாதம் நடந்தாலும் பாலாலயத்தில் அன்றாடப் பூஜை நிற்பதில்லை. வேலை முடிந்த பிறகு எல்லாவற்றையும் முறைப்படி பழைய இடத்துக்குத் திருப்பி, குடமுழுக்குச் செய்வார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கோயிலைப் புதுப்பிக்க வேண்டும் என்பது நம்மவர் வழக்கம். பழசு பழசாகவே கிடக்கட்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை. சுண்ணாம்பையும் வர்ணத்தையும் சுரண்டி எறிய அவர்கள் தயங்கியதும் இல்லை. ஆனால் எதைச் சுரண்டலாம், எதை முதலில் எடுத்து வெளியே வைக்க வேண்டும் என்ற வித்தியாசம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெய்வ நம்பிக்கை இல்லாதவர்களும் இந்த முறையிலுள்ள புத்திசாலித்தனத்தை ஒப்புக்கொள்ளலாம். முதலில் எல்லாவற்றையும் வெளியில் எடுத்து வைத்துவிட்டுத்தான் கை வைப்பேன் என்று கடைக்காரர் சொன்னது பாலாலயம் அல்லாமல் வேறு என்ன?

கட்டிய வட்டுகள் விஷயத்தில் இன்னொரு செய்தியும் உண்டு; அது கொஞ்சம் ஆறுதலானது. பயாஸில் அமைப்பை மாற்றியதால் இரண்டு வட்டுகளும் பிரிந்து போய்விட்டாலும், புதிதாக எதையும் எழுதாமல் இருந்தால், அமைப்பைப் பழையபடி திருப்பி வைத்ததும் அவை பெரும்பாலும் மறுபடியும் ஒன்றாகிவிடுகின்றன. பிரிவினால் மட்டும் நாசம் வந்துவிடுவதில்லை. பிரிந்த பிறகு ஒன்றின்மேல் அவசரமாகப் புதியதை எழுதுவதால்தான் திரும்பும் வழி அடைபடுகிறது. மனிதர்கள் விஷயத்திலும் இப்படி இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பாகம் பிரித்துக் கொண்ட சகோதரர்கள் பத்து வருஷத்துக்குப் பிறகு ஒரு கல்யாணத்தில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது உண்டு. பாகம் பிரித்ததுமே, “எனக்கு அண்ணன் என்று ஒருவன் பிறக்கவே இல்லை” என்று புதிய சரித்திரம் எழுதத் தொடங்கியவர்களுக்கு அந்தப் பந்தி கிடைப்பதில்லை. பிரிந்தவன் சிறிது காலம் எதையும் எழுதாமல் இருக்கத் தெரிந்தவனாக இருந்தால் நல்லது.

நம் வியாபாரிகளிடம் புதுக் கணக்கு என்ற வழக்கம் ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை, நல்ல நாள் பார்த்து, புதிய பேரேட்டின் ஓரங்களில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, லாபம் என்று எழுதித் தொடங்குவார்கள். தேங்காய் உடைப்பார்கள், கடைப் பையனுக்கு வேட்டியும் கிடைக்கும். பழைய வருஷத்தின் சலிப்பெல்லாம் தீர்ந்து, புதிய காகிதத்தின் வாசனையில் மனம் நிறைந்திருக்கும். எல்லாம் புதிது. ஆனால் அந்தப் புதிய ஏட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக முதலில் ஏறுவது, சென்ற ஏட்டிலிருந்து கொண்டுவந்த பாக்கி. கொடுக்க வேண்டியதும் வர வேண்டியதும் காலணா பிசகாமல் முதலில் ஏறிவிடும். அது ஏறிய பிறகு பழைய ஏட்டை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடலாம். கரையான் தின்றாலும் கவலை இல்லை. பாக்கியை ஏற்றாமல் ஏட்டை மட்டும் மாற்றுகிற வியாபாரியைக் கடைத்தெருவில் புதுக் கணக்குப் போட்டவர் என்று யாரும் சொல்வதில்லை. அதற்கு அங்கே வேறு பெயர் இருக்கிறது.

மடிக்கணினியைத் துடைக்கிறவர்களுக்கும், ஊரையோ உத்தியோகத்தையோ மாற்றிக்கொண்டு புதிதாக வாழப் புறப்படுகிறவர்களுக்கும் இந்தக் கடைத்தெரு ஒழுக்கமே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. எனக்கு ஒன்றும் வேண்டாம் என்பதை ஒருவர் தாமாகச் சொல்லிக் கொள்ளலாம். இதில் யாருக்கும் ஒன்றும் இல்லை என்பதை மட்டும் அவரால் தாமாகச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு போனாவது போட்டுக் கேட்க வேண்டும்.